கண்டார் கம்பு முதல் உணவு லாரி வரை: பினாங்கின் உரிமக் கதை

பினாங்கில் முதன்முதலாக ஓடிய 'ஃபுட் டிரக்' எது? இந்தக் கேள்விக்கு இன்றைய இளைஞர்கள் கர்னி கடற்கரையோரத்தில் வண்ண விளக்குகளோடு நிற்கும் லாரி ஒன்றைக் காட்டக்கூடும். வரலாறு காட்டும் வாகனம் வேறு. அதற்குச் சக்கரம் கிடையாது, எஞ்சின் கிடையாது. ஒரு நீண்ட கம்பு, அதன் இரு முனைகளிலும் தொங்கும் கூடைகள், சுமக்க ஒரு மனிதனின் தோள். அவ்வளவுதான்!

ஒரு கூடையில் சோறு, மறு கூடையில் மீன் கறியும் இறைச்சிக் கறியும். தமிழ்நாட்டின் கடலோர ஊர்களிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் இந்தச் சுமையோடு துறைமுகப் பக்கம் நடந்தார்கள். வெல்ட் கீ பகுதியில் மூட்டை தூக்கிய தொழிலாளர்களுக்கு விடிந்தும் விடியாத பொழுதில் அதுதான் பசியாறல். தோளில் கம்பு வைத்துச் சுமப்பதை மலாயில் 'கண்டார்' என்பார்கள். நம்மவர்களுக்கு அது காவடி. நாசி கண்டார் என்ற பெயரின் பொருளே 'காவடியில் வந்த சோறு' என்பதுதான். கேம்பல் ஸ்திரீட்டில் இன்றும் நடந்துவரும் ஹமிடியா உணவகம் 1907-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தோளில் இருந்த வியாபாரம் கடைக்குள் நுழைந்த காலத்தின் சாட்சி அது.

அன்று கம்பைத் தோளில் வைத்தவர் கடன் வாங்கினாலும் ஒரு கம்புக்கும் இரண்டு கூடைக்கும்தான் வாங்கியிருப்பார். இன்று உணவு லாரி வாங்க நினைப்பவர் வீட்டுச் சேமிப்பையும் ஊழியர் சேமநிதிப் பணத்தையும் நகையையும் சேர்த்து வைக்கிறார். வண்டி வாசலுக்கு வந்த பிறகுதான், 'இதை எங்கே நிறுத்துவது, யாரிடம் உரிமம் கேட்பது' என்ற கேள்வி பிறக்கிறது. ஆகவே, பினாங்கில் சாலையோரச் சமையலுக்கும் சட்டத்திற்கும் உள்ள பழைய உறவைத் தெரிந்து வைத்துக்கொள்வது பொழுதுபோக்கு அல்ல, முதலுக்குப் பாதுகாப்பு.

கல்கத்தாவிலிருந்து வந்த சட்டம்

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றியபோது இங்கே நகரம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஜார்ஜ்டவுன் வளர்ந்த பிறகு தெரு, சாக்கடை, சந்தை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் அமைப்பு தேவைப்பட்டது. அப்போது நீரிணைக் குடியேற்றப் பகுதிகள் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தன. ஆகவே, ஜார்ஜ்டவுன் நகராண்மைக்கு வழிவகுத்த 1856-ஆம் ஆண்டுச் சட்டமும் கல்கத்தாவில்தான் இயற்றப்பட்டது. 1857-இல் நகராண்மை ஆணையர்கள் செயல்படத் தொடங்கினார்கள். 1867-இல் இப்பகுதி லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போனது. அதன் பின் 1887-இலும் 1913-இலும் வந்த நகராண்மைச் சட்டங்கள் அதிகாரிகளின் கையை மேலும் பலப்படுத்தின.

அந்தக் கால அதிகாரிகளுக்கு அங்காடி வியாபாரி என்றாலே இரண்டு கவலைகள். ஒன்று நோய். காலராவும் டைபாய்டும் துறைமுக நகரங்களை ஆட்டிப்படைத்த காலம் அது. இன்னொன்று வழி மறிப்பு. கடை வீடுகளின் முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதை மக்கள் நடப்பதற்கா, வியாபாரி உட்காருவதற்கா? இந்தத் தகராறு சிங்கப்பூரில் 1888-இல் கலவரமாகவே வெடித்தது. நடைபாதையில் இருந்த கடைச் சாமான்களை அகற்ற நகராண்மை முனைந்தபோது கடைகள் மூடப்பட்டன, டிராம் வண்டிகள் மீது கல் விழுந்தது.

பினாங்கிலும் அந்தக் கேள்வி தீரவில்லை. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, பொது வழியையும் ஐந்தடி நடைபாதையையும் மறிப்பது குற்றம் என்கிறது. ஒட்டுக்கடை மேசை மஞ்சள் கோட்டைத் தாண்டினால் அமலாக்க அதிகாரி வந்து நிற்பதற்குப் பின்னால் நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சண்டை இருக்கிறது.

தோளிலிருந்து சக்கரத்திற்கு

காலப்போக்கில் தோளுக்கு ஓய்வு கிடைத்தது. மீ கோரேங், பசெம்பூர், செண்டோல் எல்லாம் தள்ளுவண்டி ஏறின. ரொட்டி பெங்காலி சைக்கிளில் வந்தது, பிறகு மோட்டார் சைக்கிளில் வந்தது. இடியாப்பம் 'புட்டு மாயாம்' என்ற பெயரில் ஹாரன் அடித்துக்கொண்டு குடியிருப்புகளுக்குள் நுழைந்தது. பினாங்கில் பக்கப்பெட்டி பொருத்திய மூன்று சக்கர மோட்டாரும் ஒரு நடமாடும் கடையாகிப் போனது.

அரசியலும் அதே காலத்தில் மாறியது. 1951 டிசம்பரில் மலாயாவின் முதல் ஊராட்சித் தேர்தல் ஜார்ஜ்டவுனில்தான் நடந்தது. 1957 ஜனவரி 1-ஆம் தேதி ஜார்ஜ்டவுன் மாநகரத் தகுதி பெற்றது. அதன் முதல் மேயர் ஒரு தமிழர். ஆசிரியராக இருந்து தொழிற்கட்சியின் சார்பில் வந்த டி.எஸ். இராமநாதன் அவர்கள்தான் அவர். உரிமம் வழங்கும் மன்றத்தில் சாதாரண மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய பிரதிநிதிகள் உட்கார்ந்திருந்த காலம் அது.

அந்தக் காலம் நீடிக்கவில்லை. 1965-இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1966-இல் ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரம் மாநில அரசின் கைக்குப் போனது. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைநிறுத்தியது. 2015 மார்ச்சில் பினாங்குத் தீவு முழுவதும் மாநகரத் தகுதி பெற்றது. நகராண்மைக் கழகம் மாநகர் மன்றம் ஆனது. ஆனாலும் உறுப்பினர்கள் நியமனம்தான்.

இதற்கிடையில் 1969-இல் பினாங்கின் வரியில்லாத் துறைமுகத் தகுதி பறிபோனது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்து நிலைமையைத் தேற்றும் வரை பல குடும்பங்களுக்குச் சோறு போட்டவை சின்னச் சின்ன வியாபாரங்கள்தான். ஒரு வாணலி, ஒரு அடுப்பு, நான்கு நாற்காலி இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பினாங்கு மண்ணில் ஆழமாக ஊன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

உரிமம் என்பது சொத்தா?

பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 107-ஆம் பிரிவைப் படித்தவர்கள் குறைவு. பாதிக்கப்பட்டவர்கள் அதிகம். அந்தப் பிரிவு சொல்வது இதுதான்: ஊராட்சி மன்றம் கொடுக்கும் உரிமத்தை எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே, மீட்டுக்கொள்ளலாம். புதிய உரிமம் தர மறுக்கும்போதும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. உரிமத்தின் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்.

அப்படியென்றால் என்ன பொருள்? அப்பா முப்பது ஆண்டுகள் கடை வைத்திருந்தார் என்பதால் மட்டும் அந்த இடம் மகனுக்குச் சொத்தாகிவிடாது. லாரிக்கு வங்கியில் ஏழு ஆண்டுக் கடன் இருக்கலாம், உரிமத்திற்கு ஏழு ஆண்டு உத்தரவாதம் கிடையாது. வண்டி உங்களுடையது, நிற்கும் இடம் மன்றத்துடையது.

உரிமத்திற்கு விலை ஏறும்போது இன்னொரு நோயும் வருகிறது. ஒருவர் பெயரில் உரிமம், வேறொருவர் கையில் கரண்டி! இது பினாங்கின் தனி வியாதி அல்ல. நியூயார்க் நகரில் 1980-களில் தெருவோர உணவு வண்டிகளுக்கான அனுமதியின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதித்தார்கள். விளைவு? அனுமதி வைத்திருப்பவர் வீட்டில் உட்கார்ந்து வாடகை வாங்கினார். வெயிலில் நின்றவர் அந்த வாடகையைக் கட்டவே உழைத்தார். 2021-இல்தான் அந்நகர மன்றம் கூடுதல் அனுமதிகளுக்குச் சட்டம் செய்தது.

பினாங்கு வேறு பக்கத்திலிருந்து இதைத் தொட்டது. அங்காடிக் கடைகளில் உள்ளூர் உணவு வகைகளை அந்நியத் தொழிலாளர்கள் தலைமைச் சமையல்காரர்களாகச் சமைக்கக் கூடாது என்ற விதி 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. சார் கொய்தியாவ், அசாம் லக்சா, நாசி லெமாக், பசெம்பூர் முதலியவை அந்தப் பட்டியலில் இருந்தன. ருசி கெட்டுவிடும் என்பது அரசு சொன்ன காரணம். நாள் முழுதும் அடுப்படியில் நிற்க உள்ளூர் ஆள் கிடைப்பதில்லை என்பது கடைக்காரர்கள் சொன்ன பதில். இரண்டிலும் உண்மை இருக்கிறது. பிள்ளைகள் படித்துப் பட்டம் பெற்று அலுவலகத்துக்குப் போய்விட்டால், பசெம்பூர் வண்டியை அடுத்துத் தள்ளப்போவது யார்? இந்தக் கேள்விக்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை.

ஒரு வண்டி, இரண்டு பிறவி

உணவு லாரி என்ற இன்றைய வடிவத்திற்கு உலக அளவில் பெரிய பெயர் வாங்கித் தந்தது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரம். 2008-இல் ராய் சோய் என்ற சமையல் கலைஞர் 'கோகி' என்ற லாரியில் கொரிய இறைச்சியை மெக்சிகோ ரொட்டியில் வைத்து விற்றார். லாரி இன்று எங்கே நிற்கும் என்று இணையத்தில் அறிவித்தார். கூட்டம் பின்னாலேயே ஓடியது. சில ஆண்டுகளில் அந்த அலை மலேசியாவிற்கும் வந்தது.

இங்கே வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. தள்ளுவண்டிக்கு ஒரே எஜமான் ஊராட்சி மன்றம். லாரிக்கு அப்படி அல்ல. அது சாலையில் ஓடும்போது வாகனம், நின்று அடுப்பைப் பற்ற வைத்தால் கடை. ஒரே வண்டிக்கு இரண்டு பிறவி! இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம்.

வாகனப் பிறவியை முதலில் பார்ப்போம். வெளிநாட்டிலிருந்து வாகனம் கொண்டு வருவதற்கு 'ஏ.பி.' எனப்படும் இறக்குமதி அனுமதி வேண்டும். 1970-இல் தொடங்கிய இந்த முறையை இன்று முதலீடு, வாணிப, தொழில்துறை அமைச்சு கவனிக்கிறது. அதற்கு மேல் சுங்கத் துறைக்குரிய வரிகள். பிறகு 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் ஜே.பி.ஜே.யின் அங்கீகாரம், சோதனை, பதிவு, சாலை வரி, காப்புறுதி. 1994-இல் அமைக்கப்பட்ட புஸ்பாகோம் நிறுவனமே நீண்ட காலம் வாகனச் சோதனையைத் தனியாக நடத்தி வந்தது. 2024-இல் அந்தத் தனியுரிமை முடிவுக்கு வந்தது.

இழுத்துச் செல்லும் டிரெய்லர் என்றால் இந்தத் தலைவலி இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. டிரெய்லரும் தனியாகப் பதிவு செய்யப்பட வேண்டிய வாகனம்தான். சாலையில் 'டி' என்ற ஆங்கில எழுத்தும் ஒரு சாய்கோடும் முன்னால் இட்ட எண் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அது டிரெய்லரின் அடையாளம். அதுபோல, சாதாரண லாரியின் பக்கவாட்டை வெட்டிச் சன்னல் வைத்து, உள்ளே அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்துவது வாகனத்தின் அமைப்பையே மாற்றுவதாகும். ஜே.பி.ஜே. அனுமதி இல்லாமல் மாற்றினால் சம்மன் மட்டும் பிரச்சினை அல்ல, விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைகொடுக்குமா என்பதும் கேள்விக்குறிதான்.

இனிக் கடைப் பிறவி. 1983-ஆம் ஆண்டின் உணவுச் சட்டமும் 2009-ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை ஒழுங்குமுறைகளும் இங்கே ஆட்சி செய்கின்றன. சமைத்த உணவு விற்கும் வாகனமும் சுகாதார அமைச்சில் பதிவு செய்யப்பட வேண்டும். உணவைக் கையாள்பவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மேலாடை, தலை மறைப்பு, காலணி கட்டாயம். தூய்மை குறைவாக இருந்தால் 14 நாள் வரை மூட உத்தரவிடலாம். 'ஹலால்' என்று தானே பலகை எழுதி மாட்டவும் முடியாது. 2011-ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவுப்படி, அந்தச் சான்றை ஜாக்கிமும் மாநில இஸ்லாமிய சமய அமைப்புகளும்தான் வழங்க முடியும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஊராட்சி மன்றத்தின் வியாபார உரிமம்.

அந்த உரிமம் அந்த மன்றத்தின் எல்லையோடு முடிந்துவிடும். 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தை லாரி சில நிமிடங்களில் கடந்துவிடும். ஆனால் தீவின் மாநகர் மன்றம் கொடுத்த உரிமம் பாலத்தின் அக்கரைக்குச் செல்லுபடியாகாது. அங்கே செபராங் பிறை மாநகர் மன்றத்தின் ஆட்சி. ஓடுவதற்காகவே செய்யப்பட்ட வண்டி, ஓடினால் உரிமம் இழக்கிறது!

விதிகள் எதற்கு?

'ஏழை பிழைக்க இத்தனை கட்டுப்பாடா?' என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பதிலாக 1988 அக்டோபர் மாதத்தை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. பேராக் மாநிலத்தில் 'லோ சீ ஃபன்' என்ற அரிசி நூடல்ஸ் சாப்பிட்ட 13 குழந்தைகள் இறந்து போனார்கள். பூஞ்சையில் உருவாகும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த வீடுகளில் இன்றும் அந்த மாதம் வராமல் போவதில்லை. தலை மறைப்பும் தடுப்பூசியும் பதிவுச் சான்றும் யாரையோ தொல்லைப்படுத்த வந்தவை அல்ல. நிகழ்ந்த துயரங்களின் பாடம் அவற்றில் இருக்கிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1970-களிலிருந்து உணவுக் கலப்படத்தைப் பற்றி மக்களிடம் எடுத்துச் சொல்லி வந்ததும் இதற்காகத்தான். அதன் தலைவராக இருந்து 2019-இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்களின் குரலை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் விதி இருப்பது வேறு, அதை வியாபாரிக்குப் புரிய வைப்பது வேறு. சிங்கப்பூர் 1968, 1969-இல் தெருவோர வியாபாரிகள் அனைவரையும் பதிவு செய்தது. பிறகு 1986-க்குள் அவர்களைத் தண்ணீர், கழிவு வசதி கொண்ட அங்காடி மையங்களுக்கு மாற்றியது. முதலில் கணக்கெடுப்பு, பிறகு இடம், அதன் பிறகுதான் கண்டிப்பு. 2020-இல் அந்தப் பண்பாட்டை யுனெஸ்கோ அங்கீகரித்தது. இந்தியா 2014-இல் தெரு வியாபாரிகள் சட்டம் கொண்டு வந்தது. கணக்கெடுப்பு முடியும் வரை இருக்கும் வியாபாரியை அகற்றக் கூடாது என்றும், முடிவெடுக்கும் குழுவில் வியாபாரிகளுக்கும் இடம் வேண்டும் என்றும் அது சொன்னது. நடைமுறையில் எல்லா ஊரிலும் நடந்ததா என்பது வேறு விஷயம். ஆனால் வியாபாரிக்கு உரிமை என்ற சொல் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. மலேசியாவில் 107-ஆம் பிரிவு இன்னும் அப்படியே இருக்கிறது.

வாங்குபவர் தன்னைக் காத்துக்கொள்வது

லாரி விற்பவர் 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டால் போதுமா? போதாது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்தப் பயனுக்குப் பொருள் வாங்குவோருக்காக எழுதப்பட்டது. வியாபாரத்திற்காக லாரி வாங்குபவர் அந்தக் குடையின் கீழ் எளிதாக நிற்க முடியாது. அவருக்குத் துணை 1957-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம். எதற்காக வாங்குகிறோம் என்று விற்பவரிடம் தெரிவித்து, அவர் திறமையை நம்பி வாங்கினால், அந்த நோக்கத்திற்குப் பொருள் ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது அதன் 16-ஆம் பிரிவு. வேடிக்கை என்னவென்றால், மலாய் மாநிலங்களுக்காக வந்த இந்தச் சட்டம் பினாங்கை எட்டியது 1990-இல்தான். அதுவரை இங்கே இங்கிலாந்தின் விற்பனைச் சட்டம் நடந்து வந்தது!

ஆகவே, பணம் கட்டும் முன் சில காரியங்கள் செய்ய வேண்டும். எந்த மன்றத்தின் எல்லையில் வியாபாரம் என்று முடிவு செய்து, அந்த மன்றத்தின் உரிமப் பிரிவில் முதலில் கேட்க வேண்டும். இறக்குமதி அனுமதி, பதிவு அட்டை, அமைப்பு மாற்றத்திற்கான ஜே.பி.ஜே. ஒப்புதல் ஆகியவற்றின் அசலைப் பார்க்க வேண்டும். 'உணவு விற்கும் வாகனமாகப் பயன்படுத்தவே வாங்கப்படுகிறது' என்ற வரி விற்பனை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும் என்பதும் எழுதப்பட வேண்டும். வாய்ச் சொல் நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன் உலக மரபுரிமை நகரமானது. 2024 டிசம்பரில் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் அடங்கிய மலேசியப் பசியாறல் பண்பாடும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ரொட்டி சானாய் கல்லும் தேநீர் ஆற்றும் கையும் நம் இனத்தவரின் உழைப்பைச் சுமந்தவை என்பதில் பெருமை உண்டு. பட்டியலில் பெயர் ஏறிவிட்டது. அந்தக் கல்லுக்குப் பின்னால் நிற்பவரின் உரிமம் மட்டும் இன்னும் காரணம் சொல்லாமல் மீட்டுக்கொள்ளத்தக்கதாகவே இருக்கிறது. சுத்தத்தில் விட்டுக்கொடுக்காத விதி வேண்டும். அதே விதியில், ஒழுங்காக நடப்பவரை நடுத்தெருவில் விடாத ஒரு வரியும் வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் வியாபாரிகள் மட்டுமல்லர், அவர்கள் கையால் தினமும் பசியாறுகிற அனைவரும்தான்.